பரிதாவும் ஒரு வெள்ளைப் புள்ளியும்

கட்டைவிரலைத் திரைமேல் வைத்து ரத்தத்தை மறைத்துக்கொண்டார் பரிதா. மறைத்த பிறகுதான் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார். சேறு, ஒரு ஜீப்பின் பின்சக்கரம், தலையில் கட்டுப்போட்ட ஒரு வெள்ளைக்காரன், அவன் கையில் தகரக் குவளை. எண்பது வருடங்களுக்கு முன்னால், உலகப் போரின்போது, பர்மா எல்லையில் ஏதோ ஒரு ரோட்டோரத்தில் எடுத்த வண்ணப்படம். பரிதாவின் கண் ஜீப்பிலும் நிற்கவில்லை, ஆள்மேலும் நிற்கவில்லை. கட்டுத்துணியில் போய் நின்றது.

“செவப்பு பொய் சொல்லுங்க சார். யாரு பாத்தாலும் மொதல்ல அதுதான் கண்ண இழுக்கும். வெள்ளதான் நெசத்தச் சொல்லும். இந்தத் துணியப் பாருங்க, லேசா ரோஸு அடிக்குதா? பச்ச போயிருச்சு, மெஜந்தா ஏறிக்கிச்சு. படம் நிக்கல.”

‘நிக்குது’, ‘நிக்கல’ என்ற இரண்டு சொல்லுக்கு மேல் எந்தப் படத்துக்கும் அவர் செலவழித்து நான் கேட்டதில்லை. என் மகளின் கல்யாண ஆல்பத்தை முடித்துக் கொடுத்த அன்று, ஆசையோடு கேட்ட என் மனைவியிடமும் “நிக்குதுங்க” என்றார். பெண்ணைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வரவில்லையே என்று என் மனைவி ரொம்ப நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

காரிமங்கலத்தில் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது ஸ்டுடியோ. பரிதாவின் கணவர் உசேன் பாய் வெளியே போய்ப் படம் எடுப்பவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதையும் விடமாட்டார். உள்ளே உட்கார்ந்து நிறம் பார்ப்பதும் கறை எடுப்பதும் பரிதா. பத்திரிகைக்கு நான் அனுப்புகிற படங்களை அவரிடம்தான் சரிசெய்யக் கொடுப்பேன், அந்தப் பழக்கத்தில் மாடியேறியவன்தான் நான். அவருடைய அறையில் நான்கு சுவரும் சாம்பல் நிறம். சுவரில் நிறம் இருந்தால் அது கண்ணைக் கெடுத்துவிடுமாம். புதிதாக வருகிறவர்கள் “பெயின்ட் வேல எப்ப முடியும் பாய்?” என்று கேட்பார்கள், பாயும் சளைக்காமல் “நடக்குதுங்க” என்பார். பரிதா எந்த நிறத்தில் சேலை கட்டிவந்தாலும் கணினி முன்னால் உட்காருமுன் பழைய சாம்பல் நிறப் போர்வையை எடுத்து மேலே சுற்றிக்கொள்வார். சேலையின் நிறம் திரையில் விழக்கூடாது என்பதற்காக. சித்திரை வெயிலில்கூட அந்தப் போர்வை இறங்காது.

அவருக்குச் சுற்றுவட்டாரத்தில் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறொரு வேலை. எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு உயிரோடு இருக்கும்போது உருப்படியாக ஒரு போட்டோ இருக்காது. எல்லார் கையிலும் போன் வந்த பிறகும் இதே கதைதான். ஆள் போன பிறகு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை போட்டு எடுத்த படத்தைக் கொண்டுவருவார்கள். “கண்ணத் தொறந்து குடுங்க” என்பார்கள். மூக்கில் வைத்த பஞ்சை எடுக்கவேண்டும், தாடையைச் சுற்றிய துணியை எடுக்கவேண்டும், மூடிய இமைக்குப் பதில் திறந்த கண் வரையவேண்டும். கூட வந்திருக்கும் மகனையோ தங்கையையோ முக்காலியில் உட்காரச் சொல்லி, அவர்கள் கண்ணைப் பார்த்துத்தான் பரிதா வரைவார். எல்லாம் முடிந்து கடைசியாகக் கருவிழியில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி வைப்பார். வெளிச்சம் ஈரக் கண்ணில் பட்டால் மின்னுமே, அந்தப் புள்ளி. அதற்கு அவர் வைத்திருக்கிற பெயர் உசுருப்புள்ளி.

“அது வெக்கிற வரைக்கும் பொணந்தான் சார். அத வெச்சாத்தான் நம்மளப் பாக்கும்.”

ஒருமுறை கருப்பண்ணன் என்பவர், தன் அப்பாவின் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “எங்கப்பன் இத்தினி நல்லவனா ஒருநாளும் எங்களப் பாத்ததில்லீங்க. கொஞ்சம் மொறைக்கிற மாதிரி பண்ணுங்க.” பரிதா சிரிக்கவில்லை. புள்ளியைத் துளி மேலே நகர்த்தி, புருவத்தைத் துளி இறக்கினார். கருப்பண்ணன் இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்டு போனார்.

போர்ப்படங்கள் வந்தது நவநீதன் மூலமாக. உள்ளூர்க்காரர், இப்போது பெங்களூரில் பழைய பொருள் வியாபாரம். அந்தக் காலத்தில் வண்ணப் பிலிம் கிடைப்பதே அபூர்வம். சண்டைக்குப் போன அதிகாரிகளில் யாரோ ஒன்றிரண்டு பேர் கேமராவோடு அதையும் கொண்டுபோயிருக்கிறார்கள். திரும்பிவந்து, பிலிமைத் துண்டு துண்டாக அட்டைச் சட்டத்தில் போட்டு, பெட்டியில் வைத்து, பரணில் ஏற்றிவிட்டார்கள். வெளிச்சம் படாததால் பல படங்களில் நிறம் அப்படியே இருக்கிறது. கிழவர்கள் செத்ததும் பேரப்பிள்ளைகள் பெட்டியோடு விற்கிறார்கள். நவநீதன் அதை வாங்கி, கணினியில் ஏற்றி, பரிதாவுக்கு அனுப்புவார். பரிதா தரம் பிரிக்கவேண்டும்: ஏ, பி, சி, கழிவு. ஏ என்றால் பெரிதாக அச்சுப்போட்டு விற்பார்கள், புத்தகத்துக்குக் கொடுப்பார்கள். கழிவு என்றால் பிலிமே குப்பைக்குப் போய்விடும். கீறலையும், பூஞ்சை தின்ற இடங்களையும் சரிசெய்வதும் பரிதாவின் பொறுப்பு. நவநீதனின் கல்யாண ஆல்பத்தைச் செய்தபோது மாப்பிள்ளை வேட்டியின் வெள்ளை சரியில்லை என்று அச்சகத்துக்குத் திரும்பத் திரும்ப அனுப்பியவர் பரிதா என்பதால்தான் அவர் இவரைத் தேடிவந்தார்.

முதல் பெட்டி வந்தபோது வேடிக்கை பார்க்க நானும் இருந்தேன். நாலாவது படத்திலேயே எனக்கு வேடிக்கை போய்விட்டது. போர் என்றால் கறுப்பு வெள்ளை என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. இங்கே புல் பச்சையாக இருந்தது, வானம் நேற்றுப் பார்த்த வானமாக இருந்தது, நடுவில் கால் இல்லாமல் ஒருவன் கிடந்தான்.

“கறுப்பு வெள்ளன்னா செத்து ரொம்ப நாளாச்சுன்னு ஒரு இது இருக்கும் சார். இதப் பாத்தா இப்பத்தான் விழுந்தாப்பல இருக்குது. யாராச்சும் ஓடிப்போயித் தூக்குங்களேன்னு இருக்குது.” சொல்லிக்கொண்டே அந்தப் படத்துக்கு பி போட்டார். வானத்தில் கீறல் இருந்ததாம்.

அப்படிப்பட்ட படங்கள் வந்த நாளில் வீட்டில் தக்காளி சமைக்கமாட்டார். தக்காளி கொட்டிக்கிடக்கிற ஊரில் உசேன் பாய்க்குப் புளித்தண்ணிக் குழம்புதான். “இன்னிக்கும் புளியா?” என்று கேட்பார். பரிதா பதில் சொல்லாவிட்டால் அவரும் மேற்கொண்டு கேட்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

போன வருடம் ஆடி மாதத்தில் அந்தப் பையனின் படம் வந்தது. மழை விட்ட ரோட்டோரம், ஒரு பக்கமாகச் சாய்ந்து கன்னம் சேற்றில் பதியக் கிடக்கிறான். பச்சைச் சட்டை. கழுத்தில் சுற்றிய வெள்ளைத் துணி. மீசை சரியாக முளைக்காத கறுத்த முகம், சந்தையில் தேங்காய் மூட்டை இறக்குகிற பிள்ளைகளின் முகம். கண் பாதி திறந்திருந்தது. பரிதா கட்டைவிரலால் ரத்தத்தை மறைத்தார், துணியைப் பார்த்தார். “நிக்குது சார்” என்றார். குரலில் இருந்தது சந்தோஷம்தான். எத்தனையோ மாதம் கழிவும் ‘சி’யுமாகப் போட்டு அலுத்தவருக்கு அப்பழுக்கில்லாத ஒரு வெள்ளை கிடைத்திருக்கிறது, அதைத் தப்பென்று எப்படிச் சொல்வது?

முகத்தில் மட்டும் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. பூஞ்சை பிலிமைத் தின்ற இடம் அப்படித்தான் தெரியும். நெற்றியில் ஒன்று, கன்னத்தில் இரண்டு, கண்ணுக்குள் ஒன்று. பரிதா எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துவிட்டு ஏ போட்டார். ‘போர்க்களத்தில் இறந்துகிடக்கும் இளம் வீரன்’ என்று பெயர் வைத்து நவநீதன் விற்றார். படம் நன்றாகப் போனது. பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு மாட்டியிருப்பதைப் படமெடுத்துப் போனில் அனுப்பினார். உசேன் பாய் அதை என்னிடம் காட்டியபோது, பரிதா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்காதவர் போல இருந்தார். அவருடைய பெருமையை அப்படித்தான் காட்டுவார்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். கொடுத்திருந்த படத்தை வாங்கலாம் என்று மாடியேறினேன். பரிதா போர்வை சுற்றாமல் உட்கார்ந்திருந்தார். அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. திரையில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதே ரோடு, அதே சேறு, அதே பையன். அதே அதிகாரியின் பெட்டியிலிருந்து விடுபட்டுப்போன சில படங்கள் பிறகு விலைக்கு வந்திருக்கின்றன. அட்டைச் சட்டத்தில் அந்த ஆள் பென்சிலால் எண் போட்டிருந்தான். இது அந்தப் படத்துக்கு அடுத்த எண்.

அடுத்த படத்தில் பையனின் கை கழுத்துத் துணிமேல் இருந்தது. வாய் திறந்திருந்தது. கண் முழுசாகத் திறந்து, படம் எடுக்கிறவனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. பரிதா பழைய படத்தின் கை வைக்காத நகலைத் திறந்து, கண்ணைப் பெரிதாக்கினார். நெற்றியில் இருந்த புள்ளியும் கன்னத்தில் இருந்தவையும் ஓரம் அரித்துப்போய் இருந்தன. கண்ணுக்குள் இருந்தது உருண்டையாக, ஓரம் சுத்தமாக இருந்தது. புதிய படத்திலும் கண்ணில் அதே இடத்தில் அதே போல ஒன்று.

“பூஞ்ச இல்ல சார். உசுருப்புள்ளி.” அந்தப் புள்ளிமேல் விரலை வைத்தார். “எத்தினி பொணத்துக்கு வெச்ச கை இது. உசுரோட இருந்தவனுக்கு எடுத்துட்டன்.”

உசேன் பாய் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “யானைக்கும் அடி சறுக்கும். விடு” என்றார். சொல்லியிருக்க வேண்டாம். பரிதா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மனிதர் கீழே மருந்துக்கடைக்கே இறங்கிப் போய்விட்டார்.

என் முன்னாலேயே நவநீதனுக்குப் போன் போட்டார். சத்தம் வெளியே கேட்கும்படிதான் எப்போதும் பேசுவார்.

“நவநீதா, அந்தப் பையன் சாவல. நாந்தான் தப்பா எடுத்துட்டன். புள்ளி இருக்கற படத்த அனுப்பறன், பழசத் தூக்கிட்டு இத மாத்திரு. செத்துக் கெடக்கறான்னு எழுதியிருக்கறதையும் எடுத்துரு.”

“அக்கா, வித்தாச்சு. ஓட்டல்ல மாட்டியாச்சு. இப்பப் போயி உயிரோட இருக்கறான்னு சொன்னா வாங்குனவன் என்னா நெனைப்பான்?”

“என்னாவோ நெனைக்கட்டும். உசுரோட இருந்தவன சாவடிச்சு மாட்டியிருக்குது.”

“எண்பது வருசம் ஆச்சுங்க்கா. கழுத்துல குண்டு. அந்தப் போட்டோ எடுத்து ஒரு மணி நேரத்துல செத்திருப்பான். இல்லன்னாலும் இந்நேரத்துக்கு செத்துத்தான் இருப்பான்.”

“அது உன் கணக்கு. போட்டோல சாவலியே. எடுக்கறவனப் பாத்துக்கிட்டு இருக்கறான். எதாச்சும் கேட்டிருப்பான்.”

நவநீதன் மெதுவாக, தன்மையாகவே சொன்னார்: “அக்கா, புதுசா வந்த அந்தப் படத்துக்குக் கழிவு போட்டுருங்க. அது வெளிய வந்தா பழசு நிக்காது. உங்க பேரும் கெடும்.”

எனக்கு நவநீதன் மேல் ஆத்திரம் பொங்கியது. இதில் கொடுமை, அவர் சொன்னதில் பொய் என்று எடுத்துக்காட்ட ஒன்றும் இல்லை. பையன் செத்துத்தான் போயிருப்பான். பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது, கேட்டுவர யாரும் இல்லை. அவன் உயிரோடு இருந்தான் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே சாட்சி பெங்களூரில் ஒரு அட்டைச் சட்டத்துக்குள் இருக்கிறது. கழிவு என்று பரிதா ஒரு சொல் சொன்னால் அதுவும் குப்பைக்குப் போகும்.

பரிதா போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சாம்பல் போர்வையை எடுத்துச் சுற்றிக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார். புதிய படத்தைத் திரை முழுக்க விரித்தார். கட்டைவிரலால் கழுத்தை மறைத்துத் துணியின் ஓரத்தைப் பார்த்தார். “நிக்குது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏ போட்டு அனுப்பினார்.

நடந்தது அவ்வளவுதான். ஓட்டலில் படம் அப்படியே தொங்குகிறது. புதிய படம் எங்கும் விலைக்கு வரவில்லை. அந்தப் பிலிம் என்ன ஆனது என்று பரிதா இரண்டு தரம் கேட்டார், “இருக்குதுங்க்கா” என்றார் நவநீதன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு பெங்களூரிலிருந்து படமே வரவில்லை.

பரிதாவிடம் ஒரு மாற்றம் வந்தது. மாசி மாதம் காவேரி என்ற பெண் வந்தாள். தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து புருஷன் போய் ஐந்தாறு நாள்தான் ஆகியிருந்தது. போனிலிருந்த படத்தைக் காட்டிக் கண்ணைத் திறந்து கொடுக்கச் சொன்னாள். பரிதா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

“டாக்டர் பாத்தாராம்மா? நல்லாப் பாத்துட்டுத்தான் சொன்னாரா?”

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாய்விட்டு அலறினாள். “என்னாங்க கேக்கறீங்க? நாங்க என்னா உசுரோடவா கொண்டுபோயி வெச்சோம்? இருந்த மூச்சப் பாக்காம விட்டுட்டமா?” அவளோடு வந்திருந்த அண்ணன் எகிறிக்கொண்டு வந்தான். உசேன் பாய் நடுவில் விழுந்து, கையைப் பிடித்து, காலைப் பிடிக்காத குறையாகச் சமாதானம் செய்து அனுப்பிவைத்தார். படிக்கட்டு முழுக்க அவள் அழுதுகொண்டே இறங்கியது மேலே கேட்டது. ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஊர் வாயை மூட முடியுமா? கண் திறக்கிற வேலைக்கு இப்போது யாரும் மாடியேறுவதில்லை. வந்தாலும் பரிதா செய்வாரா என்பது சந்தேகம். காவேரி வந்துபோன அன்று சாயங்காலம் வரை அவர் அந்த முக்காலியில், மகனையும் தங்கையையும் உட்காரவைக்கிற முக்காலியில், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக பாய் சொன்னார். பாவம், அவரும் வீட்டில் யாரிடம் சொல்லி அழுவார்?

நவநீதன் பெங்களூரில் வேறு யார் யாரிடமோ கொடுத்துப் பார்த்திருக்கிறார், வெள்ளை சரியாக வரவில்லை போல. போன வாரத்திலிருந்து படங்கள் மறுபடி வருகின்றன. பழைய பேச்சை நவநீதனும் எடுக்கவில்லை, பரிதாவும் எடுக்கவில்லை.

நேற்றுப் போயிருந்தேன். சந்தை நாள். சன்னலில் கறுப்புத் துணி தொங்கினாலும் ஆடுகளின் சத்தம் உள்ளே வரை வந்தது. திரையில் ஒரு வாய்க்கால் கரை. கரை நெடுக ஆட்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள், எந்த நாட்டுக்காரர்கள் என்று தெரியவில்லை. தூரத்தில் மஞ்சள் பூத்த ஏதோ ஒரு வயல். நிறம் அப்படியே இருந்தது.

பரிதா கட்டைவிரலால் சிவப்பை மறைத்தார். ஒருவனின் சட்டைக் கழுத்துப்பட்டையில் வெள்ளையைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். நிக்குது என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. உசேன் பாய் கொண்டுவந்த டீயைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பரிதா கட்டைவிரலை எடுத்தார். ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் முதுகுப் பக்கத்தை, கரையில் முதலாவதாகப் படுத்திருந்தவனின் மூக்குக்கடியில் திரைமேல் வைத்தார். அசையாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு விரலை எடுத்து, அவனுக்கு அடுத்தவனின் மூக்குக்கடியில் வைத்தார்.